ஒரு மழைக்காலம் கார் நின்ற தரை

தரைக்குப் பூச்சு போடுகிற தொழிலில் தரை ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. கொடுப்பதெல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள்தான். காண்ட்ராக்ட் எடுத்து வீட்டுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மார்த்தாண்டத்துக்காரன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு கார் வர ஆரம்பித்தது. கார் வந்ததும், அதுவரை யார் கண்ணையும் உறுத்தாத வாசலில் கார் நிறுத்துகிற போர்ச்சின் சிமென்ட் தரை திடீரென்று எல்லோருக்கும் அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கென்று எப்பாக்ஸி என்று ஒரு பூச்சு உண்டு. இரண்டு டப்பாவைக் கலந்து அடித்தால் தரை பளபளவென்று ஆகிவிடும். ஆயில் சிந்தினால் துடைத்துவிடலாம், டயருக்கும் அசைந்து கொடுக்காது. எல்லாம் ஒழுங்காகப் போட்டால்தான். சாலை கடைத்தெருவில் மச்சானின் பெயின்ட் கடையில் நின்றுகொண்டே இந்த வேலையைப் பழகி, ஒருநாள் அவரிடம் சொல்லிக்கொண்டு தனியாக இறங்கிவிட்டேன். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அந்த "வா"வில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

மேத்யூ சாரின் நிபந்தனை

மேத்யூ சார் ஃப்ளாட் கட்டி விற்கிறவர். புதிதாகக் கட்டும் இடத்தில் கார் நிறுத்துகிற கீழ்த்தளம் முழுவதற்கும் பூச்சு போட ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அந்த ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும், மச்சான் கடைப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க வேண்டாம். சின்னச் சின்ன சிமென்ட் பலகைகளில் விதவிதமான நிறத்தில் பூசி எடுத்துப் போயிருந்தேன். அவர் சாவிக்கொத்தால் ஒவ்வொன்றையும் கீறிப் பார்த்தார். ஒன்றிலும் கீறல் விழவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பலகைகளை அடுக்கி என் பக்கமே தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "பலகையில எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி. ஒரு மழைக்காலம் முழுக்க கார் கிடந்த தரை ஒண்ணு காட்டு, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

துடைத்துவிட்ட ஈரம்

சரி, முதல் தரை. ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன சசிதரன் சார் வீடு. நிறம் தேர்ந்தெடுக்கவே நாள் போயிற்று. அழுக்கு தெரியாத சாம்பல் நிறம் சாருக்கு, சந்தன நிறம் அவர் மனைவிக்கு. கடைசியில் சந்தனம்தான் ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆயில் கறையைச் சுரண்டி, ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவி, தரையைக் காயவிட்டேன். இந்த ஊரில் மேலே காய்ந்த தரைக்கு அடியில் ஈரம் ஒளிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, மறுநாள் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் வேர்த்திருந்தால் பூசக் கூடாது.

மறுநாள் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சந்தோஷமாகப் பூசினேன். மழை தொடங்கி முதல் வாரத்திலேயே பூச்சு அப்பளம் மாதிரி கொப்புளித்து எழும்பியது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது சார் பக்கத்தில் வந்து நின்று, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "அன்னைக்குக் காலையில ஷீட்டுக்கு அடியில நல்ல ஈரம் இருந்தது, கேட்டியா. நீ வந்து பார்த்தா விஷமிச்சு வருத்தப்படுவியேன்னு நான்தான் துடைச்சு, திரும்ப ஒட்டி வச்சேன்."

டயர் போட்ட அச்சு

இரண்டாவது, துபாயிலிருந்து லீவில் வந்த ஷாஜி வீடு. இந்த முறை ஷீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். தரை நல்ல தரை, பூச்சும் அருமையாகப் பிடித்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை சைக்கிள்கூட ஏறக் கூடாது என்று ஷாஜியிடம், அவர் அம்மாவிடம், பால்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

புதுக் கார் அதற்குள் வந்துவிட்டது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரமும் வந்துவிட்டது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நாலு டயருக்கும் அடியில் வைத்து நசுக்கி, மூக்கு வைத்த கிண்டிச் செம்பிலிருந்து கோயில் தீர்த்தம் தெளித்து, வெயிலில் சுட்டுக் கிடந்த டயரோடு வண்டியை உள்ளே ஏற்றிவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கும்போது தரையில் டயரின் பூ அச்சு அச்சாக விழுந்திருந்தது, எலுமிச்சைத் தோல் உட்பட. ஷாஜியின் அம்மா எனக்குப் பாயசம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க நாள் பார்த்தது வண்டிக்காக்கும். தரைக்கு நாள் நீயல்லே பார்த்திருக்கணும்?"

தங்கம் டீச்சரின் பூக்களம்

மூன்றாவது தரையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. தங்கம் டீச்சர் படித்தவர், சொன்னால் புரிந்துகொள்கிறவர். அவர் வீட்டில் கடைசிப் பூச்சை மாலையில் அடித்து முடித்து, குறுக்கே கயிறு கட்டி, யாரும் மிதிக்கக் கூடாது என்று கெஞ்சிவிட்டு வந்தேன். டீச்சரும் வார்த்தை தவறவில்லை. ஒருவரும் மிதிக்கவில்லை.

மறுநாள் அத்தம். ஓணத்துக்குப் பூக்களம் என்கிற பூக்கோலம் போடத் தொடங்குகிற நாள். முற்றத்தில் மழை, அதனால் இந்த முறை போர்ச்சில். டீச்சர் தரையில் கால் வைக்காமல், வீட்டுப் படியில் குத்துக்காலிட்டுக் குனிந்தபடியே, செண்டுப்பூவும் தும்பையும் செம்பருத்தியுமாக வட்டமாக அழகாகப் போட்டு முடித்திருந்தார். ஈரப் பூச்சில் அத்தனை பூவும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. சுரண்டலாம் என்றால் திருவோணம் வரை தொடக் கூடாது என்றுவிட்டார். ஓணம் முடிந்தபோது பூக்கள் கருத்துப்போய்த் தரைக்கு அம்மை கண்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்த முதல் நாள் காலையில் டீச்சர் முகத்தில் இருந்த பூரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எத்தனை வருஷமா போடுறேன், ஒரு காத்து வந்தா கலைஞ்சு போகும். இந்தத் தடவை ஒரு இதழ் அசையல, கேட்டோ."

குறையே இல்லாத தரை

அடுத்த கோடையில் விசுவநாதன் சார் கிடைத்தார். ஸ்ரீவராகம் தெருவிலிருந்து கரமனைப் பக்கம் புதுவீடு கட்டி வந்தவர். இப்படி ஒரு மனிதர் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ. சாம்பல் நிறம் என்றேன், சரி என்றார். மழையில் வழுக்காமலிருக்க மேல்பூச்சில் மெல்லிய மணல் தூவணும் என்றேன், தூவு என்றார். ஷீட்டைத் தொடவில்லை. கேட்டைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். தரை காய்ந்து முடிந்த அன்று வாசலில் நின்று பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு திட்டு இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

மழைக்காலம் முழுவதும் தவித்துக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் மேத்யூ சாரைக் கையோடு அழைத்துப் போனேன். கேட்டுக்கு வெளியே, பலாமரத்தடியில், ரோட்டோரமாகத் தார்ப்பாய் போர்த்திய ஒரு கார் நின்றது. தார்ப்பாய் மேல் சருகு குவிந்து கிடந்தது. கதவின் அடியில் துரு பிடித்திருந்தது. விசுவநாதன் சார் எங்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார். தரை நான் போட்ட அன்று இருந்தபடியே இருந்தது. மேத்யூ சார் வெறுங்காலோடு அங்குமிங்கும் நடந்தார், குனிந்து டயர் தடம் தேடினார், பிறகு வெளியே நின்ற காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தரை கொள்ளாம், கார் கிடந்த பிறகு சொல் என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

நான் விசுவநாதன் சாரிடம் கும்பிட்டுக் கேட்டேன், ஒரே ஒரு மழைக்காலம் வண்டியை உள்ளே விடுங்கள், என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்று. பூஜை அறையில் மாட்டைக் கட்டச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் கைவைத்து, எனக்கு ஆறுதல் சொல்கிறவர் போலச் சொன்னார்: "வண்டி போனா வேற வண்டி வாங்கிக்கலாம். இப்படி ஒரு தரை போனா போனதாக்கும்."

அடுத்த திங்கட்கிழமை மச்சான் கடை ஷட்டரைத் தூக்கியது நான்தான். கார் நிறுத்தத் தரை போட்டுப் பிழைக்க வேண்டுமானால், அது மோசமாகவும் இருக்கக் கூடாது, இத்தனை நன்றாகவும் இருக்கக் கூடாது.