படமரம் அழுத்தியது என்று நினைத்தேன்

என் மகள் சலோமி பிறந்தபோது அவள் நெஞ்சு என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. மூச்சிழுத்தால் நெஞ்சு ஏறாது. வயிறு மட்டும் ஏறி இறங்கும். அது 1971. ஆரணியில் எங்கள் வீட்டில் ஒரே தறி. நிறைமாதம் வரை நான்தான் அதில் உட்கார்ந்து பட்டு நெய்தேன்.

குழந்தை பார்க்க வந்த பக்கத்து வீட்டு மரியக்கா, "இன்னாம்மா இது, கோழிக்குஞ்சு மாதிரி கீது? வயித்தோட தறியிலயே குந்திகினு இருந்தியே, படமரம் அழுத்திடுச்சா?" என்றார்.

நெய்த துணியைச் சுற்றும் மரம் அது. நெய்கிறவள் வயிற்றோடு ஒட்டி இருக்கும். அக்கா சிரித்துவிட்டு அன்றே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. என் பிள்ளையை நானே நசுக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும். ஆலயத்தில் கடைசியில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து வந்துவிடுவேன். மூன்று வருடம் அப்படியே போயிற்று.

1974 மழைக்காலத்தில் சலோமிக்கு நிமோனியா. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைச் சேர்த்துவிட்டு என் வீட்டுக்காரர் தறிக்குத் திரும்பினார். பிள்ளை உதடு நீலமாகிக் கிடந்தாள். மற்றத் தாய்மார் வாய்விட்டு ஜெபித்தார்கள். கெடுத்தவளே எப்படிக் கேட்பது? "ஆண்டவரே, தண்டனையை எனக்குக் கொடும். மூச்சை அவளுக்குக் கொடும்." மூன்று நாளும் இவ்வளவுதான்.

நான்காம் நாள் காலை, எக்ஸ்ரே பார்த்துவிட்டுப் புறப்பட்ட டாக்டரம்மாவின் கையைப் பிடித்தேன். எனக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ!

"படமரம் அழுத்தினதாலதானே, டாக்டரம்மா?"

அவருக்கு விளங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, நெய்கிற மாதிரி குனிந்து காட்டினேன். அவரும் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இல்லம்மா. விலா எலும்பு கருவிலேயே குட்டையா உருவாகியிருக்கு. நீ தறியைத் தொடாம இருந்திருந்தாலும் இப்படித்தான் பிறந்திருப்பா. இதுக்கு மருந்து கிடையாது. இந்தக் காய்ச்சலைத் தாண்டிட்டா, வளர வளர மூச்சு சுலபமாகலாம்."

அன்றுதான் முதல்முறையாக, என் பிள்ளையை எனக்குக் கொடும் என்று கேட்டேன். சாயங்காலம் உதட்டில் நிறம் வந்தது.

அழைத்துப்போக வந்த என் வீட்டுக்காரரிடம் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானும் அதையேதான் நெனச்சிகினு இருந்தேன், ராகேலு. உன்னைத் தறியில குந்த வெச்சதே நான்தானே."

ஒரே வீட்டில், ஆளுக்கொரு பக்கம், அதே பாரம்.

1987-இல் சலோமி பத்தாவது தேறினாள். இப்போதும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். பிறகு ஏறிவிடுவாள். நானும் இப்போது ஆசீர்வாதம் முடியும்வரை இருக்கிறேன்.

சகோதரிகளே, சபையில் எழுந்து பேச எனக்கு வெட்கம். அதனால்தான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாத ஒன்று உங்களுக்குள் இருந்தால் அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். என்னைப்போல் மூன்று வருடம் அவரைக் காக்க வைக்காதீர்கள்.