கசிந்த குளமும் எஸ்தரக்காவின் வயலும்

போன கார்த்திகையில் அருவிக் குளியலுக்காகக் குற்றாலம் போனேன். விடாத மழை, எல்லா அருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. (விசாரித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்தான்.) வயல்வெளியையாவது பார்ப்போமென்று வடகரைப் பக்கம் ஆட்டோ பிடித்தேன். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்.

பாதி வழியில் ஓட்டுநர் ஆறுமுகத்துக்கு போன் வந்தது. "சார், எங்க ஊர் குளத்துக்கரை கசியுதாம். நான் போயாகணும். இங்கன இறங்கிக்கிடுதியளா, கூட வாரியளா?"

கூடவே போனேன்.

நூறு வீடுகூட இல்லாத ஊர். அம்மன் கோவில் மணியும் சர்ச் மணியும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. முன்னொரு காலத்தில் கரை உடைந்து பாதி ஊர் போய்விட்டதாம். இரண்டு மணியும் ஒன்றாகக் கேட்டால் வீட்டுக்கு ஒருவர் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து வந்த முறை. நானும் மணல் மூட்டை தூக்கினேன். கசிவு நிற்கவில்லை. கரையின் ஓரத்தை வெட்டித் தண்ணீரை வெளியேற்றுவதுதான் மிச்சமிருந்த வழி. வெட்டினால் வெள்ளம் எஸ்தரக்காவின் வயல் மேல்தான் பாயும். ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவர் அந்த வாரம்தான் நட்டு முடித்திருந்தார்.

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என் மொகத்தப் பாத்தா தண்ணி நிக்குமா? வெட்டுங்கலே!" என்றார். வெட்டியபோது திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பச்சை தெரியவில்லை, செம்மண் தண்ணீர்தான். கரை தப்பியது.

"அக்காவுக்கு என்ன வழி?" என்று ஆறுமுகத்திடம் கேட்டேன்.

"தண்ணி வடியட்டும் சார். வந்து பாருங்க."

ஊர் திரும்பும் ரயிலைத் தள்ளிப்போட்டேன். வெள்ளம் வடிந்ததும் போனால், வீட்டுக்கு வீடு நாற்றுக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. மதியத்துக்குள் வயல் முழுக்க நட்டாகிவிட்டது. நான் வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தரக்கா சேற்றுக் கையோடு சிரித்தார். "போன தடவ ஆறுமுகம் வயலு போச்சு. அப்ப நாங்க கொண்டு போனோம். இதுல என்ன அதிசயம் கண்டிய?"

நீங்கள் போவதாக இருந்தால், மழைக்காலத்தில் அருவி நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தென்காசியிலிருந்து வடகரைக்குப் பேருந்து உண்டு, அதற்கப்பால் ஆட்டோதான். ஊரில் ஓட்டல் கிடையாது, சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். வருகிற மாசியில் போனால் அந்த வயலைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டு நாற்றும் ஒவ்வொரு ரகம். சுற்றிலும் ஒவ்வொரு வயலும் ஒரே நிறமாக விளைந்திருக்க, எஸ்தரக்காவின் வயல் மட்டும் ஓரிடத்தில் பழுத்தும் ஓரிடத்தில் பச்சையாகவும் திட்டுத் திட்டாக நிற்கும்.