பதினொன்று காட்டிய தராசு

பிசிக்ஸ் ரீச்சர் போய்விட்டார்... காலையில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது செய்தி வந்தது.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல, பேஸ்புக்கில் போட மகள் போனில் தட்டுகிறாள்.

ரீச்சரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் யானையைச் சொல்ல வேண்டும். "யானை என்னத்துக்கப்பா?" என்கிறாள் மகள். யானை வேணும், தட்டு பிள்ளை.

கொக்கிளாயில் மீன் எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டானுக்கு வரும் வழியில் ஒருநாள் யானை நின்றது. மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். யானை ஒன்றும் செய்யவில்லை, பாவம். சைக்கிள்தான் சரிந்து, சுருள்வில் வைத்த என் தொங்கு தராசின் மேல் விழுந்தது.

அதன் பிறகு கொக்கிளாயில் பத்துக் கிலோவாக ஏற்றும் மீன், ஒட்டுசுட்டானில் என் தராசில் பதினொன்றாக இறங்கும். வெயிலுக்கு மீன் ஊதுகிறது என்று நினைத்தேன்... சரி, அப்படி நினைக்க விரும்பினேன்.

ஒருநாள் ரீச்சர் பள்ளிக்கூடக் கேற்றில் மறித்தார். "ராசன், உம்மட தராசைக் கொண்டு உள்ள வாரும். பாடத்துக்கு வேணும்."

தன் வீட்டுத் தராசையும் என் தராசையும் கொக்கியோடு கொக்கி மாட்டினார். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"நீ எவ்வளவு இழுக்கிறியோ, அவ்வளவு அவளும் உன்னை இழுக்கிறாள். ரெண்டும் ஒரே அளவுதான் காட்டும். வாசியுங்கோ!"

"பத்து, ரீச்சர்!"

"பதினொண்டு, ரீச்சர்!"

"மீன்கார மாமாவின்ர தராசும் சேர்ந்து இழுக்குது!" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்... அந்தப் பிள்ளைகளின் வீடுகள் எல்லாம் என் வாடிக்கை.

ரீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "புத்தகத்தில உள்ள விதி பிழைக்காது. ஒரு தராசுதான் பிழை. அது என்ரயாயும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போர்டுக்குத் திரும்பிவிட்டார்.

பிறகு கேற்றடியில் மெல்லக் கேட்டார். "நாளைக்கு எனக்கு எந்தத் தராசில நிறுப்பீர்?"

"புதுசில, ரீச்சர்."

"அப்ப பழசை என்னட்டத் தாரும்."

பழைய கணக்கைத் தீர்க்க ஒரு கிழமை முழுக்க எல்லாருக்கும் மீனைக் கூடப் போட்டேன். "என்னண்ணை, மீன் பழசோ?" என்று சனம் வாங்காமல் போனது. ரீச்சரிடம் முறையிட்டேன். "நீர் தள்ளினா சனமும் திருப்பித் தள்ளுந்தானே" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒவ்வொரு வருடமும் அந்தப் பழசைத்தான் வகுப்பில் மாட்டினாராம். "இதில எது பொய் சொல்லுது, கண்டுபிடியுங்கோ." யாருடையது என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது மகள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அப்பா... எங்கட வகுப்பில நாங்கள் இழுத்த அந்தத் தராசு உங்கடயோ?"

ஓம். அதையும் தட்டு பிள்ளை, எல்லாரும் பார்க்கட்டும்.

என்ர தராசுதான், ரீச்சர். போயிட்டு வாங்கோ.