மீட்டருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்துவிட்டால் சுசீலாவைக் கையில் பிடிக்க முடியாது. தையல் மெஷின், அரிவாள்மணை, புருஷன் உலகநாதனின் சைக்கிள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனப் பொட்டு வைப்பாள். உலகநாதன் ஆவடி பேக்டரியில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் மேனாம்பேட்டில் நாலு குடித்தனம் உள்ள வீட்டில் மூணாம் நம்பரில் வாடகைக்கு இருந்தார்கள்.

வீட்டுக்காரர் இருந்தது மாம்பலத்தில். இங்கே எல்லாம் புரோக்கர் கஜபதி வைத்ததுதான் சட்டம். வாசல் அறையில் மேஜை போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய ஃப்ரிட்ஜை வைத்துக் கலர் சோடாவும் விற்றார். மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் அறைக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். ரீடிங் எழுதுகிற வெள்ளை அட்டையும் உள்ளேதான். பார்க்கணும் என்றால், "பொம்பளைங்களுக்கு அங்க இன்னா வேலை, ஷாக் அடிக்கும்" என்பார். அந்த ஆளுக்கு வாய் ஜாஸ்தி.

தொண்ணூற்றொன்றில் மூணாம் நம்பருக்கு மட்டும் கரண்ட் பில் கன்னாபின்னாவென்று ஏறியது.

"இன்னாம்மா, கரண்ட்ட துண்றீங்களா? அட்த்த தபாவும் இப்டி வந்துச்சுன்னா ஊட்ட காலி பண்ணிகினு போய்டு" என்றார் கஜபதி.

சுசீலா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இருப்பதே ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. இதில் எதைக் குறைப்பாள், பாவம்.

ஆயுத பூஜை அன்று தட்டோடு போய் நின்றாள். கூடவே பக்கத்துப் போர்ஷன் குப்பம்மா.

"அண்ணே, மீட்டரும் மெஷின்தானே. பொட்டு வைக்கணும், திறங்க."

கஜபதி எதற்கும் இல்லை என்பார். சாமி காரியத்துக்கு அவருக்கும் நாக்கு வரவில்லை. திறந்துவிட்டார்.

பூஜை முடியும்வரை எதுவும் ஓடக்கூடாது என்பது பேக்டரி வழக்கம். உலகநாதன் காலையிலேயே சொல்லிவிட்டதால் நாலு குடித்தனத்திலும் எல்லா ஸ்விட்சும் ஆஃப். மூன்று மீட்டர்கள் அசையவில்லை. மூணாம் நம்பர் சக்கரம் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரேறி நேராகக் கஜபதியின் அறைக்குள் போயிற்று.

"குப்பம்மாக்கா, அந்த ஃப்ரிட்ஜ் பிளக்கைப் புடுங்கு."

சக்கரம் நின்றது.

"இப்போ போடு."

சுற்றியது. மறுபடி புடுங்கு, மறுபடி போடு. அடக்கமாட்டாமல் சிரித்ததில் சுசீலாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாசக்கணக்காக மனசில் கிடந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று. மற்ற குடித்தனக்காரர்களும் வந்து எட்டிப்பார்த்து, "எனக்கும் காட்டு" என்று வரிசை கட்டினார்கள்.

கஜபதியின் முகத்தில் ஈயாடவில்லை. "தங்கச்சி, நாளைக்கே ஒயர மாத்திடறேன். ஊட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வாணாம்."

சுசீலா பூட்டில் தொங்கிய சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒயரை இன்னிக்கே மாத்துங்கண்ணே. வீட்டுக்காரருக்கு நான் லெட்டர் எழுதிக்கறேன். யார் காலி பண்ணணும்னு அவரே சொல்லட்டும்."