சிவப்பு வாளியில் வேலம்பாசி

கியோத்தோவில் எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்கு ஆண்கள் முடி வெட்டப் போவார்கள், பெண்கள் ஜன்னலைப் பார்க்கப் போவோம். ஜன்னல் நெடுகக் கண்ணாடி ஜாடிகள், ஜாம் பாட்டில்கள், ஒரு சின்ன மீன் தொட்டி. எல்லாவற்றிலும் நீர்ச்செடிகள்தான், பேருக்கு ஒரு மீன் கிடையாது. கடைக்காரர் யசுனோரியின் மனைவி சுமியே அக்கா வளர்ப்பவை அவை. சவரம் அக்காவின் பொறுப்பு. கத்தி அவர் கையில் இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

தொட்டியில் இருந்த வேலம்பாசி மட்டும் விசேஷம். பீவா ஏரிக்கரையில் இருந்த தாய்வீட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஒரு பாட்டிலில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டை விற்றுப் பல காலம் ஆகிறது. நீளும் நுனியைக் கிள்ளி வேறொரு ஜாடியில் போட்டுத் தெருவில் எல்லோருக்கும் கொடுப்பார். "ஒண்ணும் செய்யாதீங்க, அதுவா வளரும்" என்பார். பிறகு எப்போது விசாரித்தாலும் எல்லோரும் தலை குனிந்து, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கு அக்கா" என்பார்கள்.

தோஃபு கடை ஹிராக்கி மட்டும் மரியாதை தெரியாத மனிதர். "ஏரியில கெடக்கிற பாசிய எனக்கு எதுக்குத் தர்றீங்க?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்.

போன கோடையில் அக்கா இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். பிள்ளைகளைக் காக்கும் ஜிஸோ சாமிக்குத் தெருவில் எடுக்கும் திருவிழா முடிந்தபோது, பிள்ளைகள் மீன் அள்ளி விளையாடும் காகித வலைக்குத் தப்பிய தங்கமீன்கள் மிஞ்சின. வீடு திரும்பும் அக்காவுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று யசுனோரி அவற்றை வேலம்பாசித் தொட்டியில் விட்டார். தொட்டி களைகட்டிவிட்டதென்று அவருக்கு ஒரே பெருமை. மீன்கள் கொழுத்தன. அக்கா வருவதற்கு முந்தின நாள் பார்த்தால் தொட்டியில் மொட்டைக் காம்புகள்தான் மிதக்கின்றன.

மனிதர் ஆடிப்போய்விட்டார். மீன்களைத் தலை கழுவும் தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஒரு நுனி கேட்டு வீடு வீடாக ஓடினார். தேயிலைக் கடை இமாய் அம்மாவுக்கு முகம் சிவந்தது.

"அது வந்து... பாவம் பசிக்குமேன்னு அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தினேன். அழுகிப்போச்சு."

"போன வாரம்கூட நல்லா இருக்குன்னீங்களே?"

"கொடுத்தவங்ககிட்ட செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

அடுத்த வீட்டில் உரம் போட்டுக் கொன்றிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் ஆகஸ்ட் வெயிலில் வைத்து வேகவைத்திருந்தார்கள். தெரு முழுக்கப் புண்ணியம்தான் இருந்தது, செடி இல்லை. யசுனோரிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஹிராக்கி கடை வாசலில் நின்றார். தயங்கித் தயங்கி ஒரு நுனி கேட்டார்.

"பாசியா? அன்னிக்கே அதுல வீசிட்டேனே," என்று ஹிராக்கி கையைக் காட்டினார்.

நெருப்பு அணைக்கத் தண்ணீர் நிரப்பி எல்லா வீட்டு வாசலிலும் வைத்திருக்கும் சிவப்பு வாளி. தினமும் கடந்து போகிறோம், யார் எட்டிப் பார்த்தோம்? உள்ளே வேலம்பாசி பொங்கி வழிந்தது. யசுனோரி குனிந்து குனிந்து நன்றி சொன்னார்.

"போதும், எடுத்துட்டுப் போங்க. கேட்டுட்டு எடுக்கிற முதல் ஆள் நீங்கதான்," என்றார் ஹிராக்கி. அது என்ன பேச்சு என்று கேட்கும் நிலையில் யசுனோரி இல்லை.

மறுநாள் அக்கா கைத்தடி ஊன்றி வந்து நேரே தொட்டியைத்தான் பார்த்தார். வரவேற்க நாங்களும் வந்திருந்தோம்.

"செடி எப்படி இருக்கு?"

"உன் புண்ணியத்துல நல்லா இருக்கு," என்றார் யசுனோரி.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்களுமா? புண்ணியம்னு சொன்னாலே தெரியாதா? ஹிராக்கி அண்ணன் வாளியில எடுத்ததுதானே இது?"

"உனக்கு எப்படி..."

"போன குளிர்காலத்துல என் செடியும் செத்துப்போச்சு. அன்னிக்கு ராத்திரி எவ்வளவு அழுதேன் தெரியுமா? காலையில தோஃபு வாங்கப் போனா, எங்கம்மா வீட்டுச் செடி அந்த வாளியில தளதளன்னு நிக்குது. சத்தமில்லாம கிள்ளிட்டு வந்துட்டேன். அப்புறம் எல்லாருக்கும் கொடுத்ததெல்லாம் அங்க கிள்ளினதுதான்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே அக்கா!" என்றார் இமாய் அம்மா.

"எந்த வாயால சொல்றது?" என்றார் அக்கா.