தடைக்காலத்தில் மட்டும் சர்வர் மாற்றிய செல்வராணி

செவ்வாய்க்கிழமை காலை, சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வீரமணி போன் செய்தார். "சார், அக்கா போயிடுச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சு, அவ்வளவுதான்." நாற்பத்து மூன்று சாகிற வயதா?

செல்வராணி அவர்களை அறியாமல் இந்த அஞ்சலியைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். விசைப்படகுகளில் ஒரு கருவி உண்டு. படகு நிற்கும் இடத்தைச் சொல்லும், புயல் எச்சரிக்கையைப் பெறும். அந்தச் செய்திகளைக் கடத்தும் சர்வர்கள் தலத்தெருவில் எங்கள் சிறிய அலுவலகத்தில் ஓடுகின்றன. நான் மேலாளர், சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். மீனவர் வீட்டுப் பெண், திருமணம் செய்துகொள்ளாதவர். தம்பி வீரமணி ஒரு விசைப்படகின் டிரைவர்.

அவருக்கு ஒரு பிடிவாதம். சர்வரின் இயங்குதளத்தை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் மாற்றுவார். படகெல்லாம் கரையில் கிடக்கும்போது எது கெட்டாலும் உயிர் போகாதல்லவா? ஒரே இயங்குதளம் பல கிளைகளாக வரும். சிலவற்றில் புது வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கும், சிலவற்றில் பழுது திருத்தம் மட்டும் வரும். "அடுத்த தடைக்காலம் வரைக்கும் இந்த பிராஞ்சுக்குத் திருத்தம் வருமா? வரும்னா இது போதும் சார்" என்பார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வருடம் முன்பு, ஐப்பசியில், படகு உரிமையாளர்களிடம் "வீட்டிலிருந்தே கைப்பேசியில் படகைப் பார்க்கலாம்" என்று வாய்விட்டுவிட்டேன். அதற்கு அப்போதுதான் வெளிவந்த புதிய கிளை வேண்டும்.

"அது இன்னும் வேகாத சோறு சார். கடல்ல ஆளு இருக்கறப்ப வேணாங்க."

"இங்க மேலாளர் நீங்களா, நானா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் சார். அதான் உங்ககிட்ட சொல்றேன்."

மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் புதிய கிளையை நானே ஏற்றினேன். எனக்கும் தெரியும் என்ற திமிர், வேறென்ன?

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை காற்றழுத்தத் தாழ்வு எச்சரிக்கை வந்தது. படகுகளைத் திரும்ப அழைக்கச் செய்தி போட்டோம், போகவில்லை. சர்வர் நின்றது. எழுப்பினோம், மறுபடி நின்றது. திரையில் ஒரு படகும் இல்லை. காற்று ஜன்னலை அறைந்தது. "எங்க வீட்டுக்காரு படகு எங்கங்க?" என்று பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"என்ன போட்டீங்க சார்?" என்று செல்வராணி கேட்டார். சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய கிளையை மீண்டும் நிறுவ உட்கார்ந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கை வேலையில் இருக்க, உதடு ஓயாமல் முணுமுணுத்தது. குனிந்து கேட்டேன். வீரமணியின் படகு எண்.

சர்வர் எழுந்தது, எச்சரிக்கை போனது. ஒவ்வொரு படகாகப் பதில் வந்தது. வீரமணி படகிலிருந்து மட்டும் வரவில்லை. மாலையில்தான் கரை சேர்ந்தார்கள். திரும்பத் தாமதமானதால் அலையில் மாட்டி, வீரமணிக்கு இடது கை முறிந்திருந்தது. இன்றும் அது சரியாக மடங்காது.

"தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார் செல்வராணி. "சொல்றேம்மா" என்றேன். பிறகு பலமுறை, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இந்த வாரம், அடுத்த வாரம் என்று நழுவினேன். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார். வேலையில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

புதன்கிழமை, மடங்காத கையோடு வீரமணி கொள்ளி வைத்தார். திரும்பும் வழியில் என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு சர்வரைக் கெடுத்தது யாருன்னு அக்கா கடைசி வரைக்கும் சொல்லல சார். அதுதான் தப்பு பண்ணிட்டு மறைக்குதுன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா அக்காகிட்ட சரியாப் பேசல. அது பண்ணலதானே சார்?"

"அழாதேப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சீ, நானெல்லாம் ஒரு மனிதனா?

வீரமணி, அது நான்தான். உங்கள் அக்கா ஒரு தவறும் செய்யவில்லை. நான் வாய் திறப்பேன் என்று நம்பிக் காத்திருந்தார், அந்த இரண்டு வருடமும் உங்கள் பேச்சை இழந்தார். நாளை காலை இந்தக் காகிதத்தோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அச்சுக்குப் போகுமுன் நீங்கள் கேட்க வேண்டும்.

செல்வராணி அவர்களே, போய் வாருங்கள். உங்கள் தம்பியை உங்களிடம் திருப்பித் தர எனக்கு இனி வழியில்லை.