கிடா வீட்டில், கறி ஓசூரில்

ஒன்பது வயதில் எங்கள் தெருவில் ஒரு ஆட்டை அறுக்கும்போது பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து கறி சாப்பிடுவதில்லை. ஆசை விட்டுப்போகவில்லை, வாய்க்குள் போகவில்லை, அவ்வளவுதான். இது என் கல்லூரித் தோழி செல்விக்குத் தெரியும். அவள் ஓசூரில் ஒரு உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஆட்டைக் கொல்லாமல், அதன் தசையில் ஒரு கிள்ளு மட்டும் எடுத்து, அந்தச் செல்களைத் திரவத்தில் வளர்த்துக் கறியாக்கும் வேலை. இன்னும் கடைக்கு வராத பொருள். இப்போதைக்குக் கூடத்துக்குள்ளேயே, சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ருசி பார்க்கச் சொல்கிறார்கள்.

ஜனவரிக் கடைசியில் அழைத்தாள். "நாங்க கிள்ளு எடுத்த கிடாவை வளக்குற அக்காவையே கூட்டிட்டு வந்து சாப்பிடச் சொல்லப்போறோம். நீயும் வா." சேலத்திலிருந்து கிளம்பினேன்.

காலை 5.30 பேருந்து, கிருஷ்ணகிரிக்குச் சுமார் 110 கிலோமீட்டர், கட்டணம் 105 ரூபாய். 7.50க்குப் போய்ச் சேர்ந்தேன். கடைசி அரைமணி நேரம் பனிக்குள்ளேயே போனோம். மாந்தோப்புகள் பூத்திருந்தன. பனியும் பூவும் ஒரே நிறத்தில் இருந்ததால், மரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் வாசனை மட்டும் வந்தது.

பேருந்து நிலையத்தில் செல்வி ஆய்வுக்கூட வேனோடு நின்றாள். ஓட்டுநர் இசக்கி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு வந்து ஆறு வருடம். செல்வியின் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "முன்ன ஒரு கம்பெனில இருந்தேங்க்கா. கேன்டீன்ல சோயா உருண்டை போடுவாவ. கறின்னு நெனைச்சே ரெண்டு வருசம் தின்னேன். தெரிஞ்ச பொறவும் திங்கேன். மசாலா நல்லா இருந்தா யாரு கேக்கா?"

பத்து கிலோமீட்டரில் குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமை என்பதால் ஆட்டுச் சந்தை. (போகிறவர்கள் எட்டரைக்குள் போய்விடுங்கள், பிறகு ஆடுகள் வண்டியேறிவிடும்.) செல்வி கையில் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தாள். கொல்லாமல் வளர்த்த கறியைச் சாப்பிடுவீர்களா என்பதுதான் அதன் சாரம். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தரகரிடம் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை.

"டப்பால வளந்த கறியா? அதுக்கு எத்தன பல்லுன்னு எப்டிம்மா பாக்கறது?"

ஆட்டின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், செல்வியும் சிரித்தாள். பிறகு அந்தக் கேள்வியைத் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் கிடாவின் சொந்தக்காரர் மாதம்மாவின் வீடு. ஐம்பதைத் தொடும் வயது. வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு, எங்களோடு தமிழ். கணவர் கோவிந்தப்பா வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார். கிடா வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. கருப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. மூன்று மாதத்துக்கு முன்னால் கால்நடை மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, தொடையில் கிள்ளு எடுத்த இடத்தில் முடி மறுபடி வளர்ந்திருந்தது. மாதம்மா அதைத் தடவிக் காட்டினார்.

வேன் நெடுஞ்சாலை ஏறியதும் அவர் செல்வியிடம் கேட்டார்: "இது கடைக்கு வந்துட்டா எங்க சந்தை என்னா கண்ணு ஆவும்?"

"தெரியலக்கா."

"படிச்ச நீயே தெரியலன்றியே."

"பொய் சொல்லக் கூடாதில்ல."

நாற்பது கிலோமீட்டர் ஓடியது. லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயின. கோவிந்தப்பா தூங்கிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு வெள்ளை அங்கியும் தொப்பியும் கொடுத்தார்கள். உள்ளே மெல்லிய வெளிச்சம், சீரான குளிர். கண்ணாடிக்குப் பின்னால் குடுவைகள் இளஞ்சிவப்புத் திரவத்தோடு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன, யாரோ தொட்டிலை ஆட்டுவதுபோல. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிறோம் என்றாள் செல்வி. எதனுடைய உடம்பு என்று நான் கேட்கவில்லை. மாதம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். நேரம் நின்றுபோன இடம் மாதிரி இருந்தது அது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு அறை. மிளகு போட்டு வறுத்த சின்னச் சின்னத் துண்டுகள், ஆளுக்கு இரண்டு. ஆய்வுக்கூடத் தலைவர் வந்திருந்தார், புகைப்படக்காரரும். கிடாவை வளர்த்தவரே சாப்பிடும் படம் ஒன்று கிடைத்தால் பணம் போடுகிறவர்களுக்குக் காட்டலாம். செல்வியின் நான்கு வருட உழைப்பு அதில் இருந்தது.

கோவிந்தப்பா முதலில் சாப்பிட்டார். நிதானமாக மென்றார். "கறிதான். கொழுப்பு பத்தல," என்றார்.

எனக்கு முன்னாலும் தட்டு. முப்பத்திரண்டு வருடம். வாயில் போட்டேன். முதலில் மிளகு, பிறகு கொஞ்சம் பஞ்சு மாதிரி, அப்புறம் எங்கேயோ அடியிலிருந்து அந்த ருசி வந்தது. நான் மென்றுகொண்டிருந்த அதே நேரம் அந்தக் கிடாவும் வேப்பமரத்தடியில் தழை மென்றுகொண்டிருக்கும் என்று நினைத்தேன். எல்லாம் கனவில் நடப்பதுபோல இருந்தது. ஆனால் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகினால் என்று சொல்லிக்கொண்டேன்.

மாதம்மா துண்டை எடுத்தார். முகர்ந்தார். திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

"எனக்கு வாய் வரல கண்ணு. கறி திங்காதவ இல்ல நான். செத்துப்போச்சின்னா, செத்துப்போச்சின்னு தின்னுருவன். இது வூட்ல என்னப் பாத்துக்கினு நிக்குதே, எப்டித் திங்கறது?"

எந்தக் காரணத்தால் என்னால் அதைச் சாப்பிட முடிந்ததோ, அதே காரணத்தால் அவரால் முடியவில்லை.

தலைவர் மெதுவாகச் சொன்னார், "சாப்பிட வேண்டாம்மா. சும்மா வாய்கிட்ட வெச்சா போதும், ஒரு போட்டோ."

மாதம்மா செல்வியைப் பார்த்தார். செல்வி தட்டை எடுத்து நகர்த்தி வைத்தாள். "வேண்டாம் சார். அவங்க சாப்பிடலன்னே எழுதறேன்." தலைவர் எழுந்து போனார். இன்னொரு கிள்ளு எடுப்பதற்கான தாளை மாதம்மா கையெழுத்திடாமலே திருப்பிக் கொடுத்தார். ஆனால் போகும்போது செல்வியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் ஓசூரில் 3.15க்குப் பேருந்து ஏறினேன், சேலத்துக்கு 160 ரூபாய், நான்கு மணி நேரம். வழியெல்லாம் யோசித்தேன். ஆய்வுக்கூடக் கறியைப் பற்றிப் பேசும்போது சுத்தமா, சத்தா, இயற்கையா என்றுதான் கேட்கிறோம். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சிப்ஸ் பொட்டலத்தை, பின்பக்கம் என்னென்ன சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்காமல் பிரித்தார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: இப்படிப்பட்ட கூடங்களுக்குள் தெரிந்தவர் இல்லாமல் விடமாட்டார்கள். சந்தைக்கு யாரும் போகலாம். வெள்ளிக்கிழமை போங்கள், பனிக்காலத்தில் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டைப் படம் எடுப்பதற்கு முன் உரிமையாளரைக் கேளுங்கள். மொத்தச் செலவு எனக்கு 340 ரூபாய். வேன் இல்லையென்றால் இன்னும் இருநூறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்விக்கு வேலை போகவில்லை. அவள் எழுதிய அறிக்கையை அப்படியே அனுப்பினார்கள். போன வாரம் பேசினாள். ஊர்த் திருவிழாவில் அந்தக் கிடாவை வெட்டிவிட்டார்களாம். மறுநாள் மாதம்மா அவளுக்குப் போன் செய்திருக்கிறார்.

"அங்க அது இன்னும் வளருதா கண்ணு?"

"வளருதுக்கா."

பிறகு கேட்டாராம்:

"வேளாவேளைக்குத் தண்ணி காட்டறீங்களா?"